தேன் இழைப்பது யார்?

அன்புள்ள ஐயா,

முனைவர் பட்டத்துக்காகக் குறுந்தொகையை, மொழியை மனம் இயங்கும் விதத்தோடு சேர்த்துப் பார்க்கும் அறிதல்சார் மொழியியல் வழியாக ஆராய்கிறேன். நெறியாளர் சொன்னபடி நாற்பது பாடல்களுக்கு அட்டவணை போட்டிருக்கிறேன்: எந்த உருவகம், அதன் மூலக்களம் (எதிலிருந்து எடுத்தது) எது, இலக்குக்களம் (எதைப் பற்றிச் சொல்வது) எது என்று. மூன்றாம் பாடலுக்கு ‘காதல் என்பது பரப்பளவு’ என்று வந்தது. துறைக் கருத்தரங்கில் வாசித்தபோது மூத்த பேராசிரியர் ஒருவர், “இதெல்லாம் தொல்காப்பியர் சொல்லாததா? வெள்ளைக்காரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் நம் பாட்டைப் படிக்க வேண்டுமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இந்த முறை சங்கப் பாடலுக்குப் பொருந்துமா? நாற்பது பாடல் போதுமா? அட்டவணையை இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

பாடல் எண்ணிக்கையை நெறியாளரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி யாருடையது என்பதும் எனக்குப் பொருட்டில்லை. எழுத்து தெரிகிறதா என்பதுதான் பேச்சு. தொல்காப்பியர் உவமை பிறக்கும் இடங்களை ‘வினை பயன் மெய் உரு’ என்று நான்காகச் சொன்னார். அதை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டையாவது உட்கார்ந்து பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்? தாத்தா வாங்கிப்போட்ட வயலை வரப்பில் நின்று காட்டிக்கொண்டே இருந்தால் நெல் விளையாது என்று அவரிடம் சொல்லுங்கள். சொல்ல வேண்டாம், பட்டம் வாங்கிய பிறகு சொல்லுங்கள்.

உங்கள் அட்டவணைக்கு வருகிறேன். மூன்றாம் பாடலுக்கு நேரே ‘வானைவிட உயர்ந்தது அன்று’ என்று பொருள் எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உயர்ந்தன்று என்றால் உயர்ந்தது. அன் சாரியை, று விகுதி. அதில் எதிர்மறையே கிடையாது. தோழி தலைவனைப் பழிக்கிறாள். அவன் சிறைப்புறத்தில், வேலிக்கு அப்பால் மறைவாக நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். தலைவி அவனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள். அந்த இடத்தில் போய் ‘வானளவுக்கெல்லாம் இல்லையடி’ என்பாளா? ஏதாவது ஓர் உரையைத் திறந்து பார்க்கப் பத்து நிமிடம் ஆகாது. உருவகக் கோட்பாடு எழுதிய லேகாஃபைப் படிக்க நேரம் இருந்தவருக்கு இதற்கு நேரம் இல்லாமல் போயிற்றா? கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த மாதிரித் தப்பைச் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான் நானும்.

அப்புறம், அந்த ‘பரப்பளவு’. ஜார்ஜ் லேகாஃபும் மார்க் ஜான்சனும் 1980இல் எழுதியது அணியிலக்கணம் இல்லை. நாள் முழுக்க நாம் பேசும் சாதாரணப் பேச்சே உருவகத்தில்தான் ஓடுகிறது, யோசிப்பதே அப்படித்தான் என்றார்கள். கோபம் பொங்குகிறது, கொதிக்கிறது, அடங்குகிறது என்கிறோம். உடம்பு பானை, கோபம் உள்ளே காயும் தண்ணீர். பெரிய மனசு, ஆழமான நட்பு என்று எல்லாரும் சொல்வதைத்தான் நீங்கள் கட்டத்துக்குள் அடைத்திருக்கிறீர்கள். சரி, தப்பில்லை. ஆனால் அது இந்தப் பாட்டைப் பாடிய தேவகுலத்தாருக்கும் உங்கள் தெருமுனைக் கடைக்காரருக்கும் பொதுச் சொத்து. 1989இல் லேகாஃப், மார்க் டர்னரோடு சேர்ந்து கவிதையைப் பற்றித் தனியாகவே எழுதினார். கவிஞர்களும் இதே பொது உருவகங்களைத்தான் எடுக்கிறார்கள். எடுத்து நீட்டுகிறார்கள், நுணுக்கமாக்குகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள், ஒன்றோடு ஒன்றைப் பின்னுகிறார்கள் என்று. உங்கள் வேலை தொடங்க வேண்டிய இடத்தில் நீங்கள் கோடு போட்டு முடித்துவிட்டீர்கள்.

பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.

முதலில் நிலம், அகலம். பிறகு வான், உயரம். பிறகு நீர், ஆழம். நடுவில் ஓர் உடம்பு நின்றால்தான் இந்த மூன்றுக்கும் அர்த்தம். அப்படிச் சுற்றியும் மேலேயும் கீழேயும் போய்வந்த கண் ‘சாரல்’ என்றதும் ஒரு மலைச்சரிவில் வந்து நிற்கிறது. அங்கே ஒரு செடி. அதன் கறுத்த தண்டு. தண்டில் பூ. கடலை அளந்துகொண்டிருந்த கண் ஒரு மூச்சில் விரற்கடைக்குள் வந்துவிட்டது. மொழி நம் கவனத்தை எங்கே திறந்துவிடுகிறது, எங்கே மூடுகிறது என்று லெனார்ட் டால்மி ஆராய்ந்திருக்கிறார். அதற்கு உங்கள் அட்டவணையில் ஒரு பத்திகூட இல்லை.

இப்போது வினை. தொல்காப்பியர் நான்கில் வினையைத்தான் முதலில் வைத்தார் என்பதையும் கவனியுங்கள். இந்த நாலடியில் யாரோ இறங்கி வேலை செய்கிற இடம் ஒன்றே ஒன்று: ‘பூக்கொண்டு பெருந்தேன் இழைக்கும்’. இன்றும் தச்சர் பலகையை இழைக்கிறார், பாட்டி கல்லில் சந்தனம் இழைக்கிறாள். ஒரே சின்ன அசைவு, திரும்பத் திரும்ப. சரி, தேனை இழைப்பது யார்? பாட்டில் தேனீ இல்லை. இன்னொரு தடவை படியுங்கள், எங்கேயும் இல்லை. உரைதான் அதை வருவித்துச் சொல்கிறது.

‘வாங்கினான்’ என்று ஒரு சொல் காதில் விழுந்தாலே விற்றவன், சரக்கு, பணம் எல்லாம் கூடவே வந்துவிடும் என்றார் சார்ல்ஸ் ஃபில்மோர். சட்டகம் என்கிறார்கள். பூவும் தேனும் இருந்தால் போதும், தேனீ தானாக வந்து சுற்றும். ஆனால் தமிழ்ப் பெயரெச்சம் இன்னொரு வேலையும் பார்க்கிறது. எழுவாய் காலியாகக் கிடப்பதால், ‘இழைக்கும்’ அடுத்து வரும் பெயரைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. இழைக்கும் நாடன். ஒரு கணம், தேன் இழைக்கிறவன் அவனே என்று காதுக்குப் படுகிறது. உடனே புத்தி வந்து ‘இல்லையில்லை, அவன் மலையில் இருக்கிற தேனீ’ என்று திருத்துகிறது. திருத்தினாலும் கேட்டது கேட்டதுதான். சிறைப்புறத்தில் நின்றவனுக்கும் கேட்டிருக்கும். ‘பெரிதே’ என்று ஆரம்பித்தவள் ‘பெருந்தேன்’ என்று திரும்பி வருகிறாள். நிலம் பிறக்கும்போதே பெரியது. இந்தத் தேன் பூப்பூவாகப் போய்ச் சேர்த்ததில் பெருகியது. உங்கள் பரப்பளவு இதில் எதைத் தொட்டது, சொல்லுங்கள்.

இவ்வளவு நீட்டி முழக்குவதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த வாரம் முழுக்க ‘குடையுது’ என்ற ஒரு சொல் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் சொல். கடைசி நான்கு வருடம் அவளுக்கு முட்டிவலி. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். இளம் மருத்துவர், நல்ல பையன், தமிழ் அவ்வளவாக வராது. நான்தான் நடுவில். வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டார். அம்மா முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “பகல்ல உளையுது தம்பி, அதத் தாங்கிக்கலாம். ராத்திரி படுத்தா குடையுது. விடியக்காலம் எந்திரிக்கையில சுண்டி இழுக்குது.”

நான் அவர் பக்கம் திரும்பி “ஏழு” என்றேன். எழுதிக்கொண்டார்.

உளைவது இடம் முழுக்கப் பரவிக் கிடப்பது. குடைவது ஒரே புள்ளியில், வண்டு மரத்தைக் குடைகிற மாதிரி, சுற்றிச் சுற்றி உள்ளே போவது. சுண்டி இழுப்பது வெடுக்கென்று வந்து விட்டுவிடுவது. மூன்று வேளைக்கு மூன்று வலி, ஒன்றுக்கும் எழுவாய் இல்லை. எது குடைகிறது என்று அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட வலி வினாப்பட்டியலில் 78 சொற்களை 20 தொகுதியாகப் பிரித்து வைத்திருக்கிறார். குத்துவது, துடிப்பது, அரிப்பது என்று நோயாளி தன் சொல்லைத் தேடி எடுக்கலாம். உங்கள் நூற்பட்டியலில் நடையியலுக்காக, அதாவது கதை, கவிதையின் மொழிநடையை ஆராய்வதற்காகச் சேர்த்திருக்கிறீர்களே, எலெனா செமினோ, அவர் நோயாளிகள் வலியைச் சொல்லும் உருவகங்களையும் ஆராய்ந்தவர். கதைக்கு வைத்திருந்த அதே காதைத்தான் அங்கேயும் கொண்டுபோனார். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது அம்மா இல்லை.

பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். பொருந்தும். நாற்பதைப் பத்தாகக் குறைத்து, பாட்டுப்பாட்டாக வினைகளை மட்டும் எழுதுங்கள். பக்கத்தில், செய்தது யார் என்று எழுதுங்கள். பாட்டு சொல்லாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். நெறியாளர் நிரப்பச் சொல்வார். நிரப்பாதீர்கள், ஏன் காலி என்று இரண்டு பக்கம் எழுதுங்கள்.

அன்று ஆட்டோவில் திரும்பும்போது அம்மா கேட்டாள்: “டாக்டர்ட்ட என்னடா சொன்ன?”

“ஏழுன்னு சொன்னேம்மா.”

கொஞ்ச தூரம் பேசாமல் வந்தாள்.

“ஏழு என்னடா ஏழு? குடையுதுன்னு சொல்ல வேண்டியதுதான?”