ரேடார் திரை முதல் கப்பல் காவல் வரை: கேள்வி பதில்

கேள்வி: சார், ராணுவத்தில் உளவியலாளருக்கு என்ன வேலை? ஆள் எடுக்கும்போது தேர்வு வைப்பதுதானே?

அது ஒரு பங்குதான். கவனம் எவ்வளவு நேரம் தாங்கும், தூக்கம் கெட்டால் புத்தி எங்கே தடுமாறும், கருவி கைக்கு வாகாக இருக்கிறதா என்று பார்ப்பதும் இவர்கள் வேலைதான்.

கேள்வி: அண்ணா, ரேடாரையே பார்த்துக்கொண்டிருப்பவர் எப்படிக் கோட்டை விடுகிறார்? பயிற்சி போதவில்லையா?

பயிற்சி உள்ளவரும் விடுவார். இரண்டாம் உலகப் போரில், நீர்மூழ்கிகளைத் தேடிய பிரிட்டிஷ் ரேடார் ஆட்கள் நேரம் ஆக ஆகத் தவறவிட்டார்கள். இதைச் சோதிக்க உளவியலாளர் நார்மன் மாக்வொர்த் ஒரு கடிகாரம் செய்தார். எண்களே இல்லாத முகப்பு, கறுப்பு முள். நொடிக்கு ஒரு தாவல். எப்போதாவது மட்டும் இரட்டைத் தாவல். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். இப்படியே இரண்டு மணி நேரம்! முதல் அரை மணியிலேயே ஆட்கள் தடுமாறத் தொடங்கினார்கள். அரை மணி வேலை, அரை மணி ஓய்வு என்று மாற்றிக் கொடுத்தபோது அந்தச் சரிவு இல்லை. 1948-ல் வெளியான ஆய்வு இது. சிசிடிவி அறையில் ஒரே ஆளை நாள் முழுக்க உட்கார வைப்பவர்கள் கொஞ்சம் படிக்கலாம்.

கேள்வி: விபத்து என்றாலே 'விமானியின் தவறு' என்று எழுதிவிடுகிறார்களே?

1943-ல் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, விமானிகளே சக்கரத்தை மடக்கிவிட்ட சம்பவங்கள் நடந்தன. உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சாபானிஸ் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கும் இறக்கை மடிப்புக்கும் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கி ஏறும் ஃப்ளாப்) உள்ள சுவிட்சுகள் பக்கத்தில் பக்கத்தில், பார்க்க ஒன்றுபோல! சக்கரத்துக்கானதில் சின்ன ரப்பர் சக்கரம், மற்றதில் ஆப்பு வடிவம் என்று மாட்டச் சொன்னார். தொட்டாலே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், அந்தத் தவறில் பெரும்பங்கு விமானத்தை வடிவமைத்தவரின் வரைபலகையில் நடந்தது.

கேள்வி: இப்போதுதான் டச் ஸ்கிரீன் வந்துவிட்டதே?

2017-ல் சிங்கப்பூர் அருகே ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். அதிலும் டச் ஸ்கிரீன்தான்; சுக்கான் கட்டுப்பாடு தெரியாமல் வேறு திரைக்கு மாறியிருந்தது. சுக்கானைப் பிடித்திருந்தவரோ அதுவே செயலிழந்துவிட்டது என்று நினைத்தார். பிறகு அமெரிக்கக் கடற்படை, வேகத்தைக் கட்டுப்படுத்தக் கையால் பிடிக்கும் நெம்புகோலுக்கே திரும்ப முடிவு செய்தது.

கேள்வி: ஐயா, கப்பலில் தூக்கத்துக்கு என்ன வழி?

கால அட்டவணைதான். 5 மணி நேரக் காவல், 10 மணி நேர இடைவெளி என்றால் தூங்கும் நேரம் தினமும் இடம் மாறும், உடம்புக்குப் பிடிபடாது. 3 மணி நேரக் காவல், 9 மணி நேர இடைவெளி என்றால் தினமும் ஒரே நேரத்தில் படுக்கலாம்.