தூணும் தராசும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் ஈப்போவில் ரயிலை விட்டு இறங்கி, பழைய நகரத்தில் நடந்தேன். 1907இல் கட்டப்பட்ட ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கட்டடத்தின் முன் அரைமணி நேரம் நின்றேன். இத்தாலிய மறுமலர்ச்சிப் பாணியாம். இத்தகைய கட்டடங்களைக் காபிக் கடைகளாக மாற்றுவது சரிதானா? வெள்ளைக்காரன் கட்டியதை நாம் ஏன் கட்டிக் காக்க வேண்டும்?

– பினாங்கிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

காபிக் கடை வரட்டும். பூட்டிக் கிடந்து சுவரில் அரசங்கன்று முளைப்பதைவிட அது மேல். வெள்ளைக்காரன் விஷயத்துக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. நீங்கள் வந்திறங்கிய ரயில் நிலையத்தை வரைந்த ஹப்பாக்கும் வெள்ளைக்காரர்தான்.

என் வருத்தம் வேறு. அரைமணி நேரம் நின்றவர் தூணையும் வளைவையும் பார்த்திருக்கிறீர்கள். உள்ளே என்ன வியாபாரம் நடந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தலைப் பார்த்துவிட்டுத் திரும்பியது போலிருக்கிறது. 1887இல் ஒரு ஜெர்மானியரும் ஒரு ஸ்காட்லாந்துக்காரரும் தொடங்கிய அந்தக் கம்பெனியின் பிழைப்பு, மற்றவர்கள் தோண்டிய ஈயத்தை, அதாவது வெள்ளீயத்தை, வாங்கி உருக்குவது. ஈப்போவைச் சுற்றிய கிந்தாப் பள்ளத்தாக்கின் லம்பங்களில், அதாவது ஈயச் சுரங்கங்களில், கழுவியெடுத்த ஈயமணலை நிறுத்து, அதில் ஈயம் எத்தனை பங்கு என்று சோதித்து, உருக்குக் கூலியைக் கழித்துக்கொண்டு காசு கொடுத்து, மணலைப் பட்டர்வொர்த்துக்கும் சிங்கப்பூரின் புலாவ் பிரானிக்கும் அனுப்பி உருக்கினார்கள். அதுவரை கரி உலை வைத்து உருக்கிவந்த சீன முதலாளிகள் பலர் மெல்ல மெல்ல உலையை அணைத்தார்கள். நீங்கள் அண்ணாந்து பார்த்த மாடியைத் தூக்கி நிறுத்தியது தராசு. உலகச் சந்தையில் விலையைத் தாங்கிப் பிடித்துவந்த சர்வதேச ஈயக் கழகம் 1985 அக்டோபர் 24 அன்று காசில்லை என்று கைவிரித்தபோது, விலை பாதியாகச் சரிந்து, லம்பங்கள் வரிசையாக மூடி, ஊரே அடங்கியதும் இந்தக் கணக்கின் தொடர்ச்சிதான். இதைச் சொல்லாமல் பாணி, பாணி என்று எழுதுகிற கையேடுகளைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் கொஞ்சம் உங்கள் மேலும் தெறித்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்து காஜா பக்கம் எங்கள் வீட்டுக்கு அடுத்த வரிசையில் ஒரு ஹக்கா சீனப் பாட்டி இருந்தார். டூலாங் பாஸ், அதாவது தட்டில் ஈயமணல் அரிப்பதற்கான அனுமதிச் சீட்டு, வைத்திருந்தவர். விடிந்ததும் ஆற்றில் இடுப்பளவு நீரில் குனிந்து நின்று, அகன்ற மரத்தட்டைச் சுழற்றி மணல் அரிப்பார். எனக்கு ஏழு வயதிருக்கும்போது, ஒரு பால் டப்பாவில் பாதிக்குமேல் நிரம்பிய கருமணலை என் கையில் கொடுத்தார். ஆற்றுமணல் என்று நினைத்து அலட்சியமாக வாங்கினேன். மணிக்கட்டு அப்படியே தொய்ந்து, கொஞ்சம் என் உள்ளங்கையில் சிந்திவிட்டது. பாட்டி சிரித்துக்கொண்டே டப்பாவைத் திரும்ப வாங்கி, என் கையைப் பிடித்து அதன்மேல் கவிழ்த்து, விரலிடுக்கில் ஒட்டியிருந்த பொடியையும் ஒவ்வொன்றாகத் தட்டி உள்ளே விட்டுக்கொண்டார்.