ஒட்டிய மூச்சுக்குழாய் வளரவில்லையா, தழும்பா?

பன்றிக்குட்டி வளர்கிறது, பரிசோதனைக்காக அதற்கு வைத்த மாற்று மூச்சுக்குழாய்த் துண்டு மட்டும் குறுகலாகவே நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் குறுகல் எங்கே என்று பாருங்கள். தையல் போட்ட இடத்தில் மட்டும் என்றால் பெரும்பாலும் தழும்புதான். வளர்ச்சியைக் குறை சொல்லாதீர்கள். நடுத்துண்டே சிறுத்திருந்தால், சோதனை முடிவில் குட்டியைக் கருணைக்கொலை செய்த பிறகு, துண்டின் குருத்தெலும்பு வளையத்தைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பாருங்கள். குருத்தெலும்புச் செல்கள் உட்கார்ந்திருக்கும் சிறு குழிகளுக்குள் உட்கருவோடு செல்கள் தெரிகின்றனவா? குழிகள் காலியாக இருந்தால் அந்த வளையம் செத்துவிட்டது, இனி வளராது. ரத்த ஓட்டம் கிடைக்காததோ நிராகரிப்போ (உடல் அந்தத் துண்டை அந்நியமாகக் கருதித் தாக்குவது) காரணமாக இருக்கலாம். ஸ்டீராய்டு கொடுக்கிறீர்களா? அதுவே வளர்ச்சியை மந்தமாக்கும்.

விட்டத்தை மட்டும் நம்பாமல், சி.டி. ஸ்கேனில் குறுக்குவெட்டுப் பரப்பை எடுத்து அதே குட்டியின் சொந்தக் குழாயோடு ஒப்பிடுங்கள். சொந்தத் துண்டையே வெட்டித் திரும்பத் தைத்த குட்டிகளும் ஒப்பீட்டுக்குக் கட்டாயம் வேண்டும்.