ஏர் பெட் வாங்கியாயிற்று, இனிப் புரட்ட வேண்டாமா?

எலும்பு முறிந்தவர்களையும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்தவர்களையும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற குடும்பங்களின் கேள்விகள் இவை. எலும்பு முறிவு வார்டில் பல வருடம் செவிலியராக இருந்தவள் என்பதால், பொருளைப் பற்றிக் கேட்டாலும் படுத்திருப்பவரைப் பற்றித்தான் முதலில் பேச வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். "பம்பு வைத்துக் காற்று நிரப்புகிற ஏர் பெட் போட்டுவிட்டால் படுக்கைப் புண்ணே வராது, அடிக்கடி புரட்டிப் போடவும் வேண்டாம்" என்று கடையில் சொன்னார்கள். வாங்கிப் போட்டுப் பத்து நாள்தான் ஆகிறது. முதுகுக்குக் கீழே, புட்டத்துக்குச் சற்று மேலே சிவந்திருக்கிறது. பெட் மட்டமான சரக்கா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: பெட்டைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தச் சிவப்பின் மேல் விரலை வைத்து லேசாக அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, மறுபடி சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் படுக்கைப் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தோல் முழுசாகத்தான் தெரியும், உள்ளே சதை நசுங்கத் தொடங்கியிருக்கும். கறுத்த தோலில் சிவப்பு தெரியாமலே போகலாம். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, நிறம் மாறியோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இனி அந்த இடம் படுக்கையில் படக்கூடாது. அங்கே தேய்த்துவிடவும் கூடாது, ஏற்கெனவே நொந்த சதை இன்னும் நைந்துபோகும். ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு இன்றைக்கே தகவல் சொல்லுங்கள்.

இப்போது பெட். அம்மா படுத்திருக்கும்போதே, சிவந்த இடத்துக்கு நேர் கீழே, ஏர் பெட்டுக்கும் அடி மெத்தைக்கும் நடுவில் உங்கள் உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து நுழையுங்கள். உங்கள் கைக்கும் அம்மாவின் உடம்புக்கும் நடுவில் சுமார் 2.5 செ.மீ. கனத்துக்குக் காற்று இருக்க வேண்டும். எலும்பு மேடு கையில் தட்டுப்பட்டால் அம்மா காற்றின் மேல் படுத்திருக்கவில்லை, அடி மெத்தையின் மேல்தான் படுத்திருக்கிறார். பம்பில் இருக்கும் திருகு எடைக்கு ஏற்றபடி வைக்கப்படாமல் இருக்கலாம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் குழாய் மடங்கிக் கிடக்கலாம். ஏர் பெட்டை வெறும் பலகை மேல் போட்டிருக்கலாம். சாதாரண மெத்தைக்கு மேலே விரிக்கிற வகைதான் வீடுகளில் அதிகம். அதற்கு அடியில் மெத்தை இருந்தே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பெட்டுக்கு மேலே எத்தனை விரித்திருக்கிறீர்கள்? ஒரு ரப்பர் ஷீட், மடித்துப் போட்ட பெட்ஷீட், அதன் மேல் ஒரு துண்டு, டயப்பர் என்று அடுக்கினால் கீழே காற்றறைகள் ஏறி இறங்குவது உடம்புக்குப் போய்ச் சேராது. ஒரே ஒரு பருத்தி விரிப்பு, தொளதொளவென்று போட்டால் போதும். தலைப்பக்கத்தை நாள் முழுக்க உயர்த்தி வைக்கவும் வேண்டாம். 30 டிகிரிக்கு மேல் உயர்த்தினால் உடம்பு கீழே சறுக்கும். தோல் விரிப்போடு ஒட்டி நிற்கும், எலும்பு மட்டும் உள்ளே நழுவும். நீங்கள் சொல்கிற அதே இடத்தில்தான் அந்த இழுபறி நடக்கும். சாப்பிடும்போது உயர்த்துங்கள், முடிந்ததும் இறக்கிவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும். காற்றறைகள் சில நிமிடத்துக்கு ஒரு முறை மாறி மாறி நிரம்பி வடியும். அழுத்தம் ஒரே இடத்தில் நிற்காமல் நகரும், அவ்வளவுதான் அதன் வேலை. 1944-இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கினார் லுட்விக் குட்மன் என்ற டாக்டர். அதுவரை அப்படிப்பட்ட நோயாளிகள் புண் பழுத்தும் சிறுநீரில் கிருமி சேர்ந்தும் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர் இரவு பகல் பார்க்காமல் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை எல்லோரையும் புரட்ட வைத்தார். மின்சாரப் பம்பு வைத்த மெத்தை எதுவும் வருவதற்கு முந்தைய காலம் அது. அம்மாவின் தோலைப் பார்த்துவிட்டு இடைவெளியைக் கூட்டலாமா என்று செவிலியர் சொல்லட்டும். அதுவரை 2 மணி நேரக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் ஆன பக்கமாகத் திருப்பலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தோளிலிருந்து தொடை வரை வருகிற மாதிரி ஒரு துணியை மடித்து அம்மாவுக்கு அடியில் போட்டு வையுங்கள். பக்கத்துக்கு ஒருவர் நின்று துணியோடு சேர்த்துத் திருப்பினால் தோல் உரசாது. முழுக்க ஒருக்களித்துச் சாய்க்க வேண்டியதில்லை, முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து லேசான சாய்வில் நிறுத்தினால் போதும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. குதிகால் எந்த மெத்தையையும் தொடக்கூடாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை நீளமாக வைத்தால் குதிகால் அந்தரத்தில் நிற்கும். நடுவில் ஓட்டை போட்ட வட்ட மெத்தையைக் கடையில் காட்டுவார்கள், வேண்டாம். ஓட்டையைச் சுற்றி அழுத்தம் விழுந்து நடுப்பகுதிக்கு வருகிற ரத்தம் குறையும்.

திருப்பிக் கொடுப்பதைப் பற்றி: உள்ளங்கைச் சோதனையில் பெட் தேறாவிட்டால், திருகையும் குழாயையும் சரி செய்த பிறகும் தேறாவிட்டால், அது பழுதான சரக்கு. மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பெட் சரியாக வேலை செய்தாலும் "புரட்ட வேண்டாம்" என்று சொன்னது தவறான தகவல்தான், அதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். இனி வாங்கப் போகிறவர்களுக்கு: எத்தனை கிலோ வரை தாங்கும், ஒரு காற்றறை ஓட்டையானால் அதை மட்டும் மாற்ற முடியுமா, மின்சாரம் நின்றால் எவ்வளவு நேரம் காற்று நிற்கும், பம்பு பழுதானால் மாற்றுப் பம்பு எத்தனை நாளில் வரும். இந்த நாலுக்கும் பதில் கிடைக்கிற கடையில் வாங்குங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. நாலு சக்கரமும் உட்கார சீட்டும் பிரேக்கும் உள்ள வாக்கரை வாங்கித் தர ஆசைப்பட்டேன். பிசியோதெரபிஸ்ட் சாதாரண வாக்கரே போதும் என்கிறார். விலை கூடினது நல்லதுதானே?

பதில்: பிசியோதெரபிஸ்ட் சொல்வதைக் கேளுங்கள். நாலு சக்கர வாக்கர் நன்றாக நடப்பவர்களுக்கு, ஆனால் சீக்கிரம் களைத்துப்போகிறவர்களுக்கு உரியது. உங்கள் அப்பா இப்போது கையில் எடையைப் போட்டு ஊன்றி நடக்க வேண்டியவர். ஊன்றினால் சக்கர வாக்கர் முன்னால் ஓடும், அவர் நிலைதடுமாறி விழுவார். சக்கரமே இல்லாதது, அல்லது முன்னால் மட்டும் இரண்டு சக்கரம் உள்ளது, இரண்டில் எது என்று பிசியோதெரபிஸ்டிடமே கேளுங்கள்.

கடைக்கு அப்பாவைக் கூட்டிப்போக முடியாது. அதனால் வாக்கர் வீட்டுக்கு வந்ததும் அளவு பாருங்கள். வழக்கமாகப் போடும் செருப்போடு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், கைப்பிடி மணிக்கட்டின் மடிப்புக்கு நேராக வர வேண்டும். பிடித்து நிற்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கும். நாலு காலிலும் பொத்தான் ஒரே எண்ணிக்கைத் துளையில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று மட்டும் மாறியிருந்தால் ஆட்டம் கொடுக்கும்.

பிறகு வாக்கரைத் தலைகீழாகக் கவிழ்த்து, கால் நுனியில் மாட்டியிருக்கும் ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். புதிதில் அடியில் வட்ட வட்டமாக வரி இருக்கும். சில மாதம் நடந்தபின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும். ஈரத் தரையில் அந்த ஒரு பக்கம் போதும் வழுக்குவதற்கு. நல்ல வாக்கரைப் பிடித்துக்கொண்டே விழுந்து மறுபடி வார்டுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்கும்போதே ஒரு செட் புஷ் கூடுதலாக வாங்கி வையுங்கள். எழுந்திருக்கும்போது வாக்கரைப் பிடித்து இழுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். நாற்காலியின் கையில் ஊன்றி எழுந்த பிறகுதான் வாக்கர்.

கேள்வி: முழங்கால் ஆபரேஷன் ஆனவர்களுக்கு முட்டிக்கு அடியில் வைக்கவென்றே வளைவான தலையணை விற்கிறார்கள். வைத்தால் வலி குறைகிறதாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மடக்கி வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். அப்படியே பழகிவிட்டால் முட்டி முழுதாக நீளாமல் போகும், பிறகு நடை கெடும். குதிகாலுக்குச் சற்று மேலே சுருட்டிய துண்டை வைத்து முட்டியை நீட்டிப் படுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு நடமாட்டம் குறைந்துவிட்டது. பழைய வீல்சேர் ஒன்று மலிவாக வருகிறது. அகலமாக இருப்பதால் தாராளமாக உட்காரலாம் என்கிறார்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: அகலமான சீட் தாராளம் இல்லை அம்மா. ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்காருவார், முதுகு கோணும், ஒரு பக்கப் புட்டத்தில் எல்லா எடையும் இறங்கும். கெட்டியான நாற்காலியில் அவரை உட்கார வைத்து இடுப்பின் அகலமான இடத்தை அளந்து, மொத்தமாக 5 செ.மீ. வரை மட்டும் கூட்டுங்கள். ஆழமும் முக்கியம். முதுகு சாய்ந்து உட்கார்ந்தால் சீட்டின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும்.

அடுத்து வீட்டுக் கதவு. கையால் உருட்டும் பெரிய சக்கரம் உள்ள வண்டியில் சீட்டின் அகலத்தைவிட மொத்த அகலம் சுமார் 20 செ.மீ. கூடும். குளியலறைக் கதவுதான் பெரும்பாலும் குறுகலாக இருக்கும், அதை முதலில் அளந்துகொண்டு போங்கள்.

பழைய வண்டி என்பதால் ஒருவரை உட்கார வைத்து, பிரேக் போட்டு, பின்னாலிருந்து தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் வாங்காதீர்கள், அல்லது பிரேக்கைச் சரி செய்து கொடுத்த பிறகு வாங்குங்கள். முன்சக்கரம் ஓடும்போது நடுங்கக்கூடாது. பற்றவைத்த இடங்களில் கீறல் இருக்கிறதா பாருங்கள். சீட் துணி தொட்டிலாகத் தொங்கியிருந்தால் அதை மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். கைவைக்கும் பகுதி கழற்றக்கூடியதாகவும் கால்பலகை பக்கவாட்டில் திரும்புவதாகவும் இருந்தால் கட்டிலுக்கு மாற்றும்போது உங்கள் இடுப்பு தப்பிக்கும். சில வாரம் மட்டும் தேவை என்றால் வாடகைக்கு எடுங்கள். வாங்குவதானால் உட்காரும் மெத்தையையும் சேர்த்து வாங்குங்கள், அப்போதும் அரை மணிக்கு ஒரு முறையாவது அவர் சாய்ந்தோ எம்பியோ எடையை மாற்ற வேண்டும்.

கேள்வி: "பயிற்சி பெற்ற ஹோம் நர்ஸ்" என்று ஓர் ஏஜென்சி அனுப்பிய பெண், மாமனாரை அக்குளில் கை கொடுத்துத்தான் தூக்குகிறார். தோள் வலிக்கிறது என்று மாமனார் முனகுகிறார். கேட்டால், "எல்லா வீட்டிலும் இப்படித்தான் செய்கிறேன்" என்கிறார். ஆளை மாற்றச் சொன்னால் முன்பணம் திரும்பாது என்று ஏஜென்சி சொல்கிறது.

பதில்: மாமனாரின் தோளை டாக்டரிடம் காட்டுங்கள், இது முதல் வேலை. வயதானவர்களை அப்படித் தூக்கினால் தோளின் தசைநார் கிழியலாம், சிலருக்கு மூட்டே நழுவலாம். என்ன நடந்தது என்பதை டாக்டர் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். குற்றம் நர்ஸ் என்று பெயர் சொல்லிப் பணம் வாங்கியவர்களுடையது. நர்ஸ் என்றால் படித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர், பதிவு எண் இருக்கும். ஊசி, புண்ணுக்கு மருந்து கட்டுவது, சிறுநீர்க் குழாய் போடுவது இவையெல்லாம் அவர் வேலை. குளிப்பாட்ட, புரட்ட, உட்கார வைக்க, நடக்கத் துணை நிற்க நல்ல அட்டெண்டர் போதும். பதிவு எண்ணைக் கேளுங்கள். தர முடியாவிட்டால், சொன்ன ஆளை அனுப்பவில்லை என்று எழுதி, வேலை நடக்காத நாட்களுக்கு உரிய பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவதானாலும் இந்தக் கடிதம்தான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

அடுத்து வருகிறவரிடம் சான்றிதழ் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். நீங்களே கட்டிலில் படுத்துக்கொண்டு, "என்னை எழுப்பி உட்கார வையுங்கள்" என்று சொல்லுங்கள். தெரிந்தவர் உங்கள் கையைப் பிடித்து இழுக்க மாட்டார். முட்டியை மடக்கச் சொல்வார், ஒருக்களித்துத் திருப்புவார், காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிவிட்டு, தோளுக்குப் பின்னாலும் இடுப்பிலும் கை கொடுத்து நிமிர்த்துவார். தலை சுற்றுகிறதா என்று ஒரு நிமிடம் காத்திருந்து கேட்பார். நிற்க வைக்க இடுப்பில் கட்டும் பெல்ட்டைப் பிடிப்பார். அந்த பெல்ட் வீட்டில் இல்லை என்றால் வாங்கி வையுங்கள், ஆபரேஷன் தையல் வயிற்றிலோ முதுகிலோ இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

ஒப்பந்தத்தில் எத்தனை மணி நேரம், ஆள் வராத நாளில் யார் வருவார், பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பும், என்னென்ன வேலை என்று ஒவ்வொன்றும் இருக்க வேண்டும். "24 மணி நேரமும் ஒரே ஆள்" என்றால் சம்மதிக்காதீர்கள். அவரும் தூங்க வேண்டும், அவர் தூங்கும்போது மாமனாரைப் புரட்ட யாரும் இருக்க மாட்டார்கள். இரவு முறையை வீட்டிலிருக்கும் நீங்கள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். கட்டில் அருகே ஒரு நோட்டும் பேனாவும் தொங்கவிட்டு, எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினோம், தோல் எப்படி இருந்தது என்று திருப்பியவர் அப்போதே எழுதட்டும். காலையில் வருகிறவர் முதலில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மாமனாரைத் தொடட்டும்.