வலி இல்லை, ஆனாலும் பார் எழவில்லை
மூன்று வாரமாக 140 கிலோ டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் எடைக் கம்பியை, அதாவது பாரை, நிமிர்ந்து நிற்கும் வரை தூக்கும் பயிற்சி) தரையை விட்டு எழவில்லை, தசை வலியும் இல்லை, நரம்பு மண்டலம் களைத்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூளையிலிருந்து தசைக்குப் போகும் கட்டளை வலுவிழப்பது உண்மைதான். ஆனால் கனமான செட்டுகளுக்கு (ஓய்வில்லாமல் தொடர்ந்து தூக்கும் சுற்றுகளுக்கு) பிறகு அது பெரும்பாலும் ஓரிரு நாளுக்குள் சரியாகிவிடும். தசைக்குள் இருக்கும் களைப்போ வலியே இல்லாமலும் தங்கும். நீங்கள் போகிறபோக்கில் எழுதியதுதான் என் கண்ணில் பட்டது: இரவு ஷிஃப்ட், ஐந்து மணி நேரத் தூக்கம், வாரம் மூன்று முறை அதிகபட்ச எடை. பாவம், நரம்பு என்ன செய்யும்!

ஒரு வாரம் செட்டுகளைப் பாதியாக்குங்கள், 110 கிலோவைத் தாண்ட வேண்டாம். வார்ம்-அப்பில் 60 கிலோ தூக்குவதை வீடியோ எடுங்கள். பார் முழங்காலைத் தாண்டும் வேகம் பழையபடி வந்ததும் 140ஐத் தொடலாம். அப்புறம், நீங்கள் எடுக்கும் காஃபின் பொடியைப் படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள்.