மீனம்பாக்கம் போகிறவர்கள் கேட்ட கேள்விகள்

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் தொழில். இந்தப் பக்கத்து நம் ஆட்கள் சென்னை விமான நிலையம் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நகரியிலிருந்து ஒரு தம்பி: விடிகாலை ஐந்து மணிக்குக் குவைத் விமானம். எப்போது கிளம்பட்டும் அண்ணா?

முந்தின இரவு பத்துக்கே வண்டியில் ஏறிவிடு தம்பி. இரண்டு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். திருத்தணி, திருவள்ளூர், பூந்தமல்லி வழியாகச் சாலைக்கு மூன்று மணி நேரம் வை. மீதி ஒரு மணி டயர் பஞ்சருக்கும் லாரி நெரிசலுக்கும். வெளிநாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே கவுன்டரை மூடிவிடுவார்கள். அப்புறம் எவ்வளவு கெஞ்சினாலும் நடக்காது. இரண்டாவது டெர்மினல் என்று டிரைவரிடம் சொல்லி வை. ஒன்றும் நான்கும் உள்நாட்டு விமானங்களுக்கு.

பகல் விமானமென்றால் ரயிலே சுகம். நம்மூர் ஏகாம்பரக்குப்பம் ஸ்டேஷனில் ஏறி, அரக்கோணம் வழியாக சென்ட்ரல். அங்கே படியிறங்கினால் நீல வழி மெட்ரோ, நேராக விமான நிலையம். ஆனால் மெட்ரோ இரவு பதினொரு மணியோடு நின்றுவிடும்.

புத்தூரிலிருந்து ஒரு தங்கை: அக்காவுக்கு வயது 27, எட்டாவது வரை படித்தவள். வீட்டு வேலைக்குக் குவைத் போகிறாள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். மீனம்பாக்கத்தில் விடுவார்களா?

விட்டாலும் அனுப்பாதே அம்மா. பத்தாவது தேறாதவர்களுக்குப் பொதுவாக ஈசிஆர், அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் பாஸ்போர்ட்தான் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு குவைத், சவுதி உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். 30 வயது ஆகாத பெண்ணுக்கு அந்த அனுமதி கிடைக்காது. ஏஜென்ட்டுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் விசிட் விசா என்கிறார்.

இமிகிரேஷன் கவுன்டரில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். யாரைப் பார்க்கப் போகிறாய், எங்கே தங்குவாய், ரிட்டர்ன் டிக்கெட் எங்கே என்று கேட்பார்கள். ஏஜென்ட் சொல்லிக்கொடுத்த பதில் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறும். திருப்பி அனுப்பினால் டிக்கெட் காசோடு போகும். நான் பயப்படுவது, திருப்பி அனுப்பாமல் விமானம் ஏற விட்டுவிட்டால் என்னவாகும் என்றுதான். வேலை ஒப்பந்தம் கிடையாது. அனுமதியோடு போகிறவர்களுக்கு உள்ள பத்து லட்ச ரூபாய் பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் கிடையாது. எந்த வீட்டில் வேலை செய்கிறாள் என்று நம் தூதரகத்தில் ஒரு வரி பதிவும் இருக்காது. அந்த வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் யாரிடம் போய்ச் சொல்வாள்?

கொடுத்த அட்வான்ஸை இன்றே திருப்பிக் கேள். 30 வயது ஆன பிறகும் தனியார் ஏஜென்ட் வேண்டாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஆந்திர அரசின் ஓம்கேப் நிறுவனத்தில் விசாரி.

சத்தியவேட்டிலிருந்து ஒரு அம்மா: துபாயில் இருக்கும் மகனுக்கு ஊறுகாயும் கறிமசாலாவும் கொடுத்தனுப்பலாமா?

ஊறுகாயைத் தாராளமாக அனுப்புங்கள் அம்மா. எண்ணெய் கசியாதபடி இரண்டு கவர் சுற்றி, கவுன்டரில் போடும் பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

மசாலாவில் கசகசா போட்டு அரைத்திருந்தால் ஒரு ஸ்பூன்கூட வேண்டாம். நமக்கு அது குருமாச் சாமான். அமீரகத்தில் போதைப்பொருள் கணக்கு. ஜெயில் வரை போகும். கசகசா இல்லாமல் தனியாக அரைத்துக் கொடுங்கள். கொண்டுபோகிறவரிடமும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

தடாவிலிருந்து ஒரு அண்ணன்: டிசம்பரில் டிக்கெட் போடலாமா? மழைக்கு விமான நிலையத்தை மூடிவிடுவார்களே?

போடலாம் அண்ணா. ஆனால் பயம் நியாயமானதுதான். இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் போட்டு நீட்டியது; ஆறு பெருகினால் தண்ணீர் உள்ளே வரும். 2015 டிசம்பரில் பல நாள் விமானமே இல்லை; அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்களை விட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூடினார்கள், ஆனால் மறுநாளே திறந்துவிட்டார்கள். டிக்கெட்டில் உங்கள் சொந்த செல் நம்பரைக் கொடுங்கள், ரத்து, தாமதச் செய்தி அதற்குத்தான் வரும். பேசின் பிரிட்ஜ் பக்கம் தண்ணீர் ஏறினால் சூலூர்ப்பேட்டை லோக்கலும் ஓடாது. அப்படிப்பட்ட நாளில் புழல் வழியாகத் தாம்பரம் பைபாஸைப் பிடியுங்கள்.

சித்தூர்: சென்னையா, பெங்களூரா?

டிக்கெட் எங்கே மலிவோ அங்கே. பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி நகரத்துக்கு வடக்கே இருப்பதால் கோலார் வழியாகப் போனால் பெங்களூர் நெரிசலில் மாட்டவும் வேண்டாம்.

நகரி: பரந்தூரில் விமான நிலையம் வந்துவிட்டால் நமக்கு வசதிதானே?

தூரம் குறையும், உண்மை. மீனம்பாக்கம் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஆறு, எதிரே ஜிஎஸ்டி சாலை என்று நெருக்கிக் கிடக்கிறது. இன்னொரு இடம் தேவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2022-இல் அறிவித்த நாளிலிருந்து பரந்தூர்ப் பக்கத்து ஏகனாபுரத்துக்காரர்கள் வயலும் ஏரியும் போய்விடும் என்று போராடிக்கொண்டிருக்கிறார்கள், கிராம சபையில் தீர்மானம் மேல் தீர்மானம் போட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லாமல் நம் வசதியை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை.

புத்தூர்: மாமியாருக்கு முழங்கால் வலி. சக்கர நாற்காலி அங்கே போய்க் கேட்டால் கிடைக்குமா?

அங்கே போய்க் கேட்டால் காத்திருக்க வேண்டும். டிக்கெட் போடும்போதே சொல்லுங்கள். மறந்திருந்தால் பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது விமான நிறுவனத்துக்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள். இறங்கும் ஊருக்கும் சேர்த்துக் கேளுங்கள்.