சுவாசச் சிகிச்சையாளர் ஆகலாமா?

கேள்வி: மகள் உயர்தரம் உயிரியல் பிரிவில் படிக்கிறாள். சுவாசச் சிகிச்சைதான் படிப்பேன் என்கிறாள். விடலாமா? – வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: விடலாம், அம்மா. ஆனால் வேலை எங்கே கிடைக்கும் என்று முதலில் பாருங்கள். மூச்சுவிடச் சிரமப்படும் நோயாளிகளுக்குச் சுவாசக் கருவியோடு உதவும் வேலை இது. இலங்கை அரச வைத்தியசாலைகளில் இதை வைத்தியர்களும் தாதியரும் இயன்மருத்துவர்களும் (பிசியோதெரபிஸ்ட்) பகிர்ந்துதான் செய்கிறார்கள். இந்தியாவில் தனிப் பட்டமாகப் படிக்கலாம். பயிற்சிக் காலத்தோடு பொதுவாக 4 வருடம். அமெரிக்கா, கனடாவில் அந்தப் பட்டம் அப்படியே செல்லாது. தனித் தேர்வும் உரிமமும் வேண்டும்.

பௌதிகவியலை அவள் விட்டுவிடக் கூடாது. வென்டிலேற்றரில், அதாவது செயற்கைச் சுவாசக் கருவியில், ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று என்பதை, நுரையீரல் பழுதான நோயாளிக்குக் கிலோவுக்கு 6 மி.லீ. என்று கணக்கிடுவார்கள். தராசு காட்டும் எடைக்கு அல்ல, உயரத்துக்கேற்ற எடைக்கு. 160 செ.மீ. உயரமான பெண்ணுக்கு அது சுமார் 52 கிலோ. ஆகவே ஏறத்தாழ 315 மி.லீ. எடை கூடினால் நுரையீரல் பெரிதாகிவிடாது. அவர் 80 கிலோ இருக்கிறாரே என்று 480 வைத்தால் அது மிகையாக விரிந்து காயப்படும். உயர் அழுத்த அலாரம் அடித்தால் குழாயில் சளியா, மடிப்பா, நோயாளி கடிக்கிறாரா என்று உடனே பார்க்க வேண்டும். சளி உறிஞ்சுவது அன்றாட வேலை. அதில் அருவருப்பு இருந்தால் இந்தத் துறை சரிவராது. இரவுக் கடமையும் உண்டு.

என் யோசனை: உள்ளூரிலேயே வேலை வேண்டுமென்றால் பேராதனையிலோ கொழும்பிலோ இயன்மருத்துவப் பட்டம் படிக்கட்டும். வெளிநாடுதான் என்றால், பணம் கட்டுமுன் அந்தக் கல்லூரி தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை மாதம் பயிற்சி தருகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.